எண்ணூர் வானத்தின் கணக்கு

1872 நவம்பர் 30ஆம் தேதி ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்திலிருந்து சென்னைக்கு ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் கிளிங்கர்ஃபூஸ் என்கிற வானியலாளர். பெற்றுக்கொண்டவர் நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பாளர் நார்மன் போக்சன். 27ஆம் தேதி பீலா பூமியைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது, சென்டாரஸ் மண்டலத்துத் தீட்டா விண்மீன் பக்கம் தேடிப் பாருங்கள் என்பது செய்தி. ஐரோப்பாவையும் இந்தியாவையும் இணைத்த புதிய தந்தித் தடம் திறந்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

பீலா ஒரு வால்நட்சத்திரம். 1826ல் கண்டுபிடிக்கப்பட்டு, ஆறரை ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் வந்து போய்க்கொண்டிருந்தது. 1846ல் வானியலாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாகப் பிளந்தது. 1852ல் இரண்டு துண்டும் ஜோடியாக வந்தன. அதற்குப் பிறகு ஆளைக் காணோம். 20 வருஷம் கழித்து, 1872 நவம்பர் 27 இரவு, ஐரோப்பிய வானத்தில் மணிக்கு ஆயிரக்கணக்கில் எரிமீன்கள் பொழிந்தன. காணாமல்போன பீலாவின் தூசிக்குள் பூமி நுழைந்திருந்தது. தூசி ஒரு திசையிலிருந்து வந்தது என்றால், வால்நட்சத்திரம் அதற்கு நேரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்று கிளிங்கர்ஃபூஸ் கணக்குப் போட்டார். அந்தத் திசை தெற்கு. ஜெர்மனியிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்குக் கீழே. தெற்கே தொலைநோக்கியும் தந்தியும் சேர்ந்து கிடைக்கிற இடம் என்று அவருக்குத் தோன்றியது சென்னை.

போக்சன் மறுநாள் விடியற்காலையே எழுந்து காத்திருந்தார். மேகம், மழை. அதற்கடுத்த நாளும் அதே கதை. கார்த்திகை மாதத்துச் சென்னை வானம் வேறு எப்படி இருக்கும்? மூன்றாம் நாள் விடியலுக்கு முன் மேகத்தில் ஒரு கீற்று விலகியது. சொன்ன இடத்துக்கு அருகில் மங்கலான, வட்டமான, வால்நட்சத்திரம் போன்ற ஒன்று இருந்தது. அடுத்த விடியலிலும் பார்த்தார். பிறகு வானம் மூடிக்கொண்டது. அதை வேறு யாரும் பார்க்கவில்லை.

பீலாவைப் பிடித்துவிட்டோம் என்று போக்சன் நம்பினார், எழுதவும் செய்தார். பின்னால் கணக்குப் பார்த்தவர்கள் அது பீலாவாக இருக்க முடியாது என்றார்கள். ஒரு சுற்றுப்பாதையை வரைய மூன்று நாள் பார்வையாவது வேண்டும். கையில் இருந்தது இரண்டு. அது என்ன என்கிற கேள்வி இன்றும் தீரவில்லை. வால்நட்சத்திரப் பட்டியலில் அது எக்ஸ்/1872 எக்ஸ்1 என்ற எண்ணோடு நிற்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: போக்சனின் முடிவு தப்பு என்று மற்றவர்களால் சொல்ல முடிந்ததே, அவர் எத்தனை மணிக்கு, எந்த விண்மீனிலிருந்து எவ்வளவு தள்ளிப் பார்த்தார் என்பதைச் சரியாக எழுதி வைத்திருந்ததால்தான். முடிவு விழுந்துவிட்டது, பதிவு நிற்கிறது.

இப்போது நம்மூரில் எரிமீன் பொழிவைப் படம் எடுக்கிறவர்களைப் பற்றிப் பேச எனக்கு இந்த அளவுகோலே போதும்.

போக்சனைப் பற்றி இன்னும் இரண்டு வரி. 1861ல் சென்னைக்கு வந்தவர். வந்த சில வாரங்களிலேயே ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஏசியா’ என்று பெயர் வைத்தார்; ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறுங்கோள் அது. அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். 1874ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதை விளக்கி நம் மொழிகளில் சிறு நூல்கள் எழுதினார். சென்னைக்கு வருமுன்பே, 1856ல், போக்சன் விண்மீன்களின் ஒளியை அளக்க ஒரு கணக்கை வகுத்திருந்தார். ஐந்து படி இறங்கினால் ஒளி 100 மடங்கு குறையும், ஒரு படிக்குச் சுமார் இரண்டரை மடங்கு என்பது அது. உலகம் முழுக்க இன்றும் இதுதான் வழக்கு. எண்ணூருக்குப் போகும்போது இந்தக் கணக்கு வேண்டியிருக்கும்.

பீலாவின் தூசி 13 வருஷம் கழித்து, 1885ல், அதே நவம்பர் 27 இரவில் மறுபடி பொழிந்தது. அன்று பிராக் நகரத்தில் வானியலாளர் லாடிஸ்லாவ் வைனெக் வானத்துக்கு நேராக ஒரு கண்ணாடித் தட்டைத் திறந்து வைத்தார். தட்டில் ஒரு கோடு விழுந்தது. எரிமீனின் முதல் புகைப்படம் அதுதான். மேலே ஆயிரக்கணக்கில் கொட்டிக்கொண்டிருந்த இரவில் தட்டுக்குக் கிடைத்தது ஒன்று! கேமராவை மட்டும் நம்பியிருந்தால் அந்த இரவை நாம் மிகச் சாதாரண இரவு என்று நினைத்திருப்போம்.

அதற்கு நேரெதிரான படம் ஒன்றும் உண்டு. 1833 நவம்பரில் வட அமெரிக்காவில் பெய்த சிங்க மண்டலப் பொழிவைப் பற்றிப் பேசும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதே மரச்செதுக்குச் சித்திரம்தான் இருக்கும். வானம் முழுக்கத் தாரை தாரையாக நெருப்பு இறங்க, கீழே மனிதர்கள் அண்ணாந்து நிற்பார்கள். அந்தச் சித்திரம் வெளிவந்தது 1889ல். பார்த்தவர் ஒருவர் சொன்னதை வைத்து ஓவியர் ஒருவர் வரைந்து, அதிலிருந்து இன்னொருவர் செதுக்கி, ஒரு மத நூலில் அச்சானது. மணிக்கணக்கில் நடந்ததை ஒரே கணத்தில் நடந்ததுபோல் காட்டும் அந்தச் சித்திரம்தான், பல படங்களை ஒன்றாக அடுக்கும் நம் கம்ப்யூட்டர் காம்போசிட்டுகளுக்கு மூத்த தலைமுறை. இன்று நாம் எடுக்கும் எல்லா எரிமீன் படத்துக்கும் மனசுக்குள் இருக்கும் மாதிரி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1899ல் அந்தப் பொழிவு திரும்ப வரும் என்று பத்திரிகைகள் தமுக்கடித்தன. ஜனங்கள் கூரைமேல் விடிய விடியக் காத்திருந்து வெறுங்கையோடு இறங்கினார்கள். ‘இன்றிரவு வானில் வாணவேடிக்கை’ என்று செல்பேசியில் வரும் செய்திகளுக்கும் மூத்த தலைமுறை இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் 1833லேயே இன்னொரு வேலையும் நடந்தது. யேல் கல்லூரியின் டெனிசன் ஓம்ஸ்டெட், பார்த்தவர்களெல்லாம் பார்த்ததை எழுதி அனுப்பும்படி கேட்டு, வந்த விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். எரிமீன்களின் தடங்களைப் பின்னோக்கி நீட்டினால் எல்லாம் சிங்க மண்டலத்தில் ஒரே புள்ளியில் சேர்ந்தன. விண்மீன்கள் மேற்கே நகர நகர, அந்தப் புள்ளியும் அவற்றோடு நகர்ந்தது. எரிமீன்கள் காற்றுமண்டலத்துச் சமாசாரம் அல்ல, விண்வெளியிலிருந்து வருபவை என்று ஊர்ஜிதமானது அதிலிருந்துதான். பிறகு 19ஆம் நூற்றாண்டு முழுக்க, எரிமீன் பார்க்கிறவர்கள் மடியில் வான்படத்தை வைத்துக்கொண்டு, விழுந்த ஒவ்வொன்றையும் பென்சிலால் கோடு போட்டுக் குறித்தார்கள். ஓர் இரவின் அத்தனை கோடும் ஒரே தாளில்! அதுவும் காம்போசிட்தான். ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மணி இருக்கும். கோடு எந்த விண்மீன்களுக்கு நடுவில் ஓடியதோ அங்கேதான் இருக்கும்.

நம்மிடம் இதைவிடப் பழைய பதிவு உண்டு. புறநானூற்றின் 229ஆம் பாட்டில் கூடலூர் கிழார் ஒரு மீன் விழுந்ததைப் பார்த்துக் கலங்குகிறார். ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோகிறான். சகுனத்தை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் புலவர் அழுதுவிட்டுப் போகவில்லை, குறித்து வைத்தார். பங்குனியின் முற்பாதி, நள்ளிரவு, உச்சியிலிருந்து எந்த மீன் சாய்ந்தது, அதற்கு எதிரே எது எழுந்தது, எது இறங்கியது, விழுந்த மீன் கிழக்கேயும் போகாமல் வடக்கேயும் போகாமல் எப்படிச் சரிந்தது என்று எல்லாம் வரிசையாக வருகிறது. ஒரே ஒரு எரிமீனுக்கு இவ்வளவு விவரம். தமிழில் எழுதப்பட்ட மிகப் பழைய எரிமீன் குறிப்புகளில் ஒன்று, தேதியும் நேரமும் திசையும் கொண்டதாக இருக்கிறது என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை இருக்கலாம், கொஞ்சம் கூச்சமும் இருக்கலாம். எரிநட்சத்திரத்தைப் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம்மில் பலர், விழுந்த திசையைக்கூடக் கவனித்ததில்லை.

இனி நெட்டுக்குப்பம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்துக்குத் தெற்குக் கரையில் இருக்கும் மீனவ ஊர். வடக்கே, முகத்துவாரத்தின் அந்தப் பக்கம், காமராஜர் துறைமுகமும் வட சென்னை அனல்மின் நிலையமும். தென்மேற்கே மணலி. தெற்கே திருவொற்றியூர், ராயபுரம், பிறகு நகரம். கிழக்கே மட்டும் கடல். சென்னைப் படக்காரர்களுக்கு இந்தக் கடற்கரை நன்றாகத் தெரியும். கடலுக்குள் நீளும் பழைய பாலத்தைச் சூரிய உதயத்தில் எடுக்காத ஆள் அபூர்வம். ராத்திரியில் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில், ஒரு திசையிலாவது இருட்டு கிடைக்கிற இடம் வேறு அதிகம் இல்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அகலமான லென்ஸ், துளையை முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓ 3200 அல்லது அதற்கு மேல். இடைவிடாமல் தானே படம் எடுக்கும்படி கேமராவை அமைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். ஜவ்வாது மலையிலோ கொல்லி மலையிலோ ஒரு படத்துக்கு 20 விநாடி வரை கொடுக்கலாம். எண்ணூரில் அது நடக்காது. எரிமீன் ஒரு விநாடிக்குள் எரிந்து முடிந்துவிடுகிறது. அதன் கோடு எவ்வளவு பிரகாசமாகப் பதியும் என்பதை லென்ஸின் துளையும் ஐஎஸ்ஓவும் தீர்மானிக்கின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நேரம் கூடக் கூட வெளுப்பது பின்னணி வானம்தான். ஆகவே இங்கே ஐந்தாறு விநாடிக்கு மேல் போனால் துறைமுகத்தின் மஞ்சள் வெளிச்சம் எரிமீனை விழுங்கிவிடும். எட்டு விநாடிக்கு ஒரு படம் என்று வைத்தாலும் ஆறு மணி நேரத்தில் 2,700 படம். நடுவில் உப்புக்காற்று லென்ஸில் படியும், பனி படியும், காற்று திரும்பினால் கரித்தூளும் வரும். துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் கேமரா அசையாமல்.

விடிந்தபின் 2,700 படத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். கோடு இருக்கிற படமெல்லாம் எரிமீன் இல்லை. மீனம்பாக்கத்துக்குப் போகும் விமானம் புள்ளி புள்ளியாகக் கோடு போடும். செயற்கைக்கோளின் கோடு சீராக இருக்கும், அடுத்த படத்திலும் தொடரும். 2019க்குப் பிறகு ஸ்டார்லிங்க் வரிசைகள் வேறு. எரிமீனின் கோடு இரண்டு முனையிலும் ஊசியாகக் குறுகி, நடுவில் தடிக்கும். பல சமயம் பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும். ஒரே படத்தோடு தீர்ந்துவிடும். அப்படித் தேறுபவை ஒரு நல்ல இரவில்கூட விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவற்றை லேயர் லேயராக அடுக்கி, எரிமீனைத் தவிர மற்றதை மாஸ்க் போட்டு மறைத்து, பின்னணியாக ஒரு நல்ல வானத்தை வைத்தால் காம்போசிட் தயார்.

இதில் யோக்கியமான வேலைக்கும் மற்ற வேலைக்கும் வித்தியாசம் ஓரிடத்தில் தெரிந்துவிடும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. இரவு 10 மணிக்கு விழுந்த எரிமீனையும் 4 மணிக்கு விழுந்ததையும் அப்படியே ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், இரண்டும் வேறு வேறு திசையிலிருந்து வந்ததுபோல் இருக்கும். ஒவ்வொரு படத்தையும் வானத்தின் துருவத்தை மையமாக வைத்துச் சுழற்றி, விண்மீன்கள் பொருந்தும்படி உட்கார வைத்தால்தான் கோடுகள் ஓம்ஸ்டெட் கண்ட அந்த ஒரே புள்ளியை நோக்கிச் சேரும். சென்னையில் துருவ நட்சத்திரம் வடக்கே வெறும் 13 பாகை உயரத்தில் நிற்கிறது. நெட்டுக்குப்பத்திலிருந்து பார்த்தால், அது சரியாகத் துறைமுக விளக்குகளின் பக்கம். பொருத்திப் பார்க்க விண்மீன்களே போதுமான அளவு பதியாத படங்களை என்ன செய்வது? கண் அளவில் வைத்து ஒட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முகநூலில் உலாவும் படங்களில் எரிமீன்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்தால், அதை எடுத்தவர் விண்மீன்களைப் பொருத்தவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

எண்ணிக்கைக்கு வருவோம். டிசம்பர் 14ஐ ஒட்டி வரும் மிதுன மண்டலப் பொழிவுக்கு மணிக்கு 150 என்று செய்தியில் போடுவார்கள். 1983ல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தான் என்ற குறுங்கோள் உதிர்த்த தூசி அது. அந்த 150 என்பது பொழிவின் புள்ளி நேர் உச்சியில் இருக்க, போக்சன் கணக்கில் ஆறரைப் படி வரை விண்மீன் தெரிகிற கன்னங்கரேல் இருட்டில், வானம் முழுவதையும் ஒருவர் பார்த்தால் வருகிற கணக்கு. எண்ணூர்போல நாலு படி வரை மட்டுமே தெரிகிற வானத்தில் இரண்டரைப் படி போய்விட்டது. கண்ணில் பட, எரிமீன் 10 மடங்கு பிரகாசமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவை எண்ணிக்கையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். 150 என்பது பதினைந்துக்குள் சுருங்கிவிடும். எஞ்சியதிலும் லென்ஸின் சட்டத்துக்குள் விழுவது கொஞ்சம், பதியும் அளவுக்குப் பிரகாசமானது அதிலும் கொஞ்சம்.

அந்த இரண்டரைப் படி எப்படிப் போனது என்பதற்கு இங்கே தேதிகள் உண்டு. 1960களின் கடைசியில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 1970ல் எண்ணூர் அனல்மின் நிலையம். 450 மெகாவாட், 2017 மார்ச்சில் மூடப்பட்டது. 1990களின் நடுவில் வட சென்னை அனல்மின் நிலையம். 2001ல் எண்ணூர்த் துறைமுகம், முக்கியமாக நிலக்கரி இறக்க. அதற்கடுத்த பத்தாண்டில் காட்டுப்பள்ளித் துறைமுகம். இந்த வரிசையை வேலைவாய்ப்பின் வரலாறாகப் படித்திருக்கிறோம், மின்சாரத்தின் வரலாறாகப் படித்திருக்கிறோம், அண்மைக் காலமாக ஆற்றில் படியும் சாம்பலின் வரலாறாகவும் படிக்கிறோம். வானத்தின் வரலாறாகவும் படிக்கலாம். ஒவ்வொரு ஆலை வந்தபோதும் ஒரு வரிசை விளக்கு கூடியது. புகை அந்த வெளிச்சத்தை வாங்கி வானம் முழுக்கப் பரப்பியது. விடிவெள்ளியைப் பார்த்துக் கடலுக்குப் போன ஊர் இது. 1969ல் இந்தக் கரையிலிருந்து எத்தனை விண்மீன் தெரிந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து வானியல் வேலை 1899லேயே கொடைக்கானலுக்குப் போய்விட்டது. 1960களில் வானாய்வகம் அமைக்கக் காவலூரைத் தேர்ந்தெடுத்ததும் இருட்டைத் தேடித்தான். அறிவியல் இருட்டைத் தேடி மலையேறிவிட்டது, கடற்கரையின் வானத்தை அளக்க ஆள் இல்லாமல் போயிற்று.

ஆள் இல்லை என்று சொன்னேனே, அது இப்போது சரியில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் தேதியோடும் மணியோடும் எண்ணூர் வானத்தைச் சில விநாடிக்கு ஒருமுறை பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ட்ரைபாடோடு வரும் அதே பையன்கள்தான். 2,700 படத்தில் பத்தை எடுத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கில் இடம் வேண்டுமே! அழிக்கப்படுகிற 2,690 படத்தில்தான் எண்ணூர் இருக்கிறது. எந்த மணிக்கு வானம் எவ்வளவு வெளுத்தது, எந்தச் சிம்னியின் புகை எந்தப் பக்கம் சாய்ந்தது, நங்கூரம் போட்ட கப்பல்கள் எத்தனை விளக்கெரித்தன, எத்தனை மணிக்கு மேகம் மூடியது என்று எல்லாம் அதில் உண்டு. பத்துப் படத்தில் இருப்பது எங்கேயும் எடுத்திருக்கக்கூடிய எரிமீன்.

2023 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஜாம் புயல் மாதத் தொடக்கத்தில் வந்தது. வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பெருகி எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்கள் தண்ணீரின் மேல் மிதந்த கருப்பை வாளியால் அள்ளினார்கள்; படகும் வலையும் பிசுபிசுத்துக் கிடந்தன. மிதுனப் பொழிவின் உச்சம் அதே வேலைக்கு நடுவில், அமாவாசையை ஒட்டி, வந்தது. நிலா இல்லாத இரவு, படக்காரர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கும் இரவு. அன்று நெட்டுக்குப்பத்தில் ஒருவர் காம்போசிட் எடுத்திருந்தால் அது எப்படி இருந்திருக்கும்? வழக்கம் என்னவென்றால், தரைப்பகுதியைத் தனியாக, சூரியன் மறைந்த நீல வெளிச்சத்தில், ஒரு நல்ல நாளில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். வானத்தை இரவில் எடுத்து மேலே ஒட்டுவார்கள். எண்ணெய் தெரியாது. துறைமுக வெளிச்சம் ஒரு ஸ்லைடரை இழுத்தால் போய்விடும். நெட்டுக்குப்பம் ஒரு தீவுபோலத் தோன்றும். அந்தப் படம் எரிமீனைப் பற்றிச் சொல்வது எல்லாமே உண்மையாகவும், நெட்டுக்குப்பத்தைப் பற்றிச் சொல்வது எல்லாமே பொய்யாகவும் இருக்கும்.

காம்போசிட் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு படத்தில் ஒரு கோடு என்று வைனெக்கின் கண்ணாடித் தட்டோடு நின்றிருந்தால் பொழிவு என்பதைக் கண்ணுக்குக் காட்ட வழியே இல்லை. மடியில் வான்படம் வைத்துக் கோடு போட்டவர்களின் வாரிசுகளாக இருக்கிறவரை, ஃபோட்டோஷாப் செய்கிறவர்களுக்கு என் மரியாதை உண்டு. நாசாவின் தினப்படத் தளத்தில் எரிமீன் காம்போசிட் வந்தால், எத்தனை படம், எத்தனை மணி நேரம், தரை எப்போது எடுத்தது என்று கீழே எழுதுவது வழக்கம். நம்மூர்ப் படங்களின் கீழே இருப்பது கேமராவின் பெயரும், ஒரு கவிதை வரியும், இருபது ஹேஷ்டேகும். போக்சன் செய்ததுபோலத் தப்பாக முடிவெடுக்கலாம், யாராவது பின்னால் திருத்திக்கொள்வார்கள். மணியும் திசையும் இல்லாத படத்தை யாராலும் திருத்த முடியாது.

கொடைக்கானலில் 1904 முதல் சூரியனை நாள்தோறும் படம் எடுத்துச் சேர்த்துவைத்த தட்டுகளை இந்திய வான்இயற்பியல் நிறுவனம் கணினிக்கு ஏற்றியிருக்கிறது. எடுத்த அன்று அந்தத் தட்டுகளில் பெரும்பாலானவற்றில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது. இன்று சூரியப் புள்ளிகளின் நூறாண்டு மாற்றத்தை ஆராய்கிறவர்கள் அவற்றைத்தான் தேடி வருகிறார்கள். அழகாக இருப்பதை மட்டும் வைத்துக்கொள்வது என்று அங்கே யாராவது முடிவெடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

ஆகவே ஒரு கோரிக்கை. கோட்டூர்புரம் கோளரங்கமோ, வட சென்னையின் ஏதாவது ஒரு கல்லூரியோ, எரிமீன் இரவுகளில் எடுக்கும் மூலப் படங்களை வாங்கிச் சேமிக்க ஓர் இடம் ஒதுக்க வேண்டும். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கின் விலை இன்று ஒரு நல்ல ட்ரைபாடின் விலையைத் தாண்டாது. எண்ணூரில் புதிதாக ஓர் ஆலையோ துறைமுக விரிவாக்கமோ வரும்போது நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் காற்றைப் பற்றிப் பேசுகிறோம், தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோம். இரவு வெளிச்சத்தைப் பற்றிப் பேச நம் கையில் ஒரு தாள்கூட இல்லை. கடற்கரை விளக்கால் திசை மாறிப்போகும் ஆமைக்குஞ்சுகளுக்காகப் பேசுகிறவர்களுக்கும் அந்தத் தாள் வேண்டும்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிசம்பரையும் நவம்பரையும் நம்பி எண்ணூருக்கு வராதீர்கள். போக்சனுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். இந்தக் கரைக்கு ஏற்ற பொழிவு மே மாதம் 5, 6 தேதிகளை ஒட்டி வருகிறது. ஹாலி வால்நட்சத்திரத்தின் தூசி, விநாடிக்கு 66 கிலோமீட்டர் வேகம், பிரகாசமானவை பின்னால் ஒரு புகைக்கோட்டை விட்டுப்போகும். பொழிவின் புள்ளி அதிகாலை 2 மணிக்குச் சற்று முன்பு கிழக்கே, கடலுக்கு மேல், இங்கே இருட்டு மிச்சமிருக்கும் ஒரே திசையில் எழும். வானம் வெளுக்கத் தொடங்கும் நாலரை மணி வரை நேரம் இருக்கிறது. மே மாதத்தில் மேகமும் குறைவு. எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எத்தனை படம், எதை ஒட்டினீர்கள், எதை மறைத்தீர்கள் என்று படத்துக்குக் கீழே எழுதுங்கள். மீதிப் படங்களை அழிக்காதீர்கள். ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருங்கள்; நீங்கள் கேமரா வைத்துக் காத்திருக்கும் அந்த நேரத்தில்தான் அவர்கள் படகைத் தள்ளுவார்கள், வழியில் ட்ரைபாடை வைக்காதீர்கள்.